சுகரும் கண் பிரஷரும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் நோயாளிகளிடம் பேசுவது என் வேலை. டாக்டர் பார்த்து முடித்ததும் சீட்டோடு என் மேசைக்கு வருவார்கள். உள்ளே கேட்கத் தயங்கியதை எல்லாம் இங்கே உட்கார்ந்து கேட்பார்கள். சுகர் ஒரு நோட்டில், கண் இன்னொரு சீட்டில் என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால் வரும் சந்தேகங்கள்தான் அதில் அதிகம். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஒரு இடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

"பிரஷர் மாத்திரை தினமும் போடுதேனே, பொறவு கண்ணுல எப்படி பிரஷர்?"

அது வேறு, இது வேறு. நீங்கள் மாத்திரை போடுவது ரத்த அழுத்தத்துக்கு. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது. கண்ணீர் இல்லை, இது உள்ளேயே ஊறி உள்ளேயே வடிவது. கண்ணின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு வடிகால் இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால், மடை அடைத்த வயல்போல உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறும். சாதாரணமாக இந்த அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும்.

கண்ணின் பின்பக்கம் பார்வை நரம்பு இருக்கிறது, சுமார் பத்து லட்சம் மெல்லிய இழைகள் சேர்ந்த கயிறு. அந்த இழைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போவதுதான் க்ளாக்கோமா. அதற்கு முக்கியமான காரணம் கண் பிரஷர். பட்டுப்போன இழை மறுபடி துளிர்க்காது. சிகிச்சை எல்லாமே மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

"சுகர் உள்ளவங்க எல்லாருக்கும் இது வருமா அக்கா?"

வராது. சுகர் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு க்ளாக்கோமா இல்லை. ஆனால் வாய்ப்பு கூடுகிறது. உலகம் முழுவதும் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2015-ல் வந்த ஒரு கட்டுரை, சுகர் உள்ளவர்களுக்கு க்ளாக்கோமா வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு என்கிறது. சுகரோடு கழியும் வருடம் ஏற ஏற அதுவும் ஏறுகிறதாம்.

எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2002-ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில் சுகர் உள்ளவர்களுக்கு க்ளாக்கோமா குறைவாக வந்ததாகத் தெரிந்து, எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். சுகரால் விழித்திரை கெட்டவர்களை முதலிலேயே கழித்துவிட்டு ஆள் சேர்த்திருந்தார்கள் என்பது பிறகு பேசப்பட்டது. என் பார்வையில், சுகரைப் பெரிய அலாரமாக எடுக்க வேண்டாம். நாற்பது தாண்டியிருந்து சுகரும் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணை முழுசாகப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

"அம்மைக்கு சுகர் கண்ணைப் பாதிச்சிட்டுன்னு முன்னாடி சொன்னாவ. இப்போ க்ளாக்கோமான்னு சொல்லுதாவ. ரெண்டும் ஒண்ணுதானா?"

இரண்டும் இரண்டு நோய். முதலாவது விழித்திரை நோய். கேமராவில் பிலிம் இருக்கும் இடத்தில் இருப்பது விழித்திரை. அங்கே உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுகரால் கசியும், அடைபடும். இரண்டாவது மேலே சொன்ன நரம்பு நோய். ஒருவருக்கே இரண்டும் தனித்தனியாக வரலாம்.

ஆனால் முதலாவது முற்றி இரண்டாவதைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதுவாக இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விழித்திரையில் குழாய் அடைபட்டு ரத்தம் போகாத இடங்கள், "எனக்கு ரத்தம் வேண்டும்" என்று ஒரு புரதத்தைச் சுரந்து ஆள் அனுப்பும். அதைக் கேட்டுப் புதுக் குழாய்கள் முளைக்கும். தேவையான இடத்தில் முளைத்தால் பரவாயில்லை. அந்தப் புரதம் கண்ணின் முன்பக்கம் வரை வந்து, கண் பாப்பாவைச் சுற்றியுள்ள பழுப்பு வளையத்திலும் குழாய்களை முளைக்க வைக்கும். ஒருமுறை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் காட்டினார். பாப்பாவின் விளிம்பில் சிவப்பு நூலைப் பிரித்துப் போட்ட மாதிரி மெல்லிய இழைகள். அந்த இழைகளோடு ஒரு சவ்வும் படர்ந்து ஓரத்து வடிகாலை மூடிவிடும். நீர் வடிய வழி இல்லை, பிரஷர் 40, 50 என்று ஏறும், கண் சிவக்கும், வலி தலையைப் பிளக்கும். இந்த வகை க்ளாக்கோமா மாதக் கணக்கில் காத்திருக்காது. சுகர் உள்ளவர்களுக்கு கண்ணில் நாங்கள் ரொம்பப் பயப்படுவது இதைத்தான். விழித்திரை நோயைச் சரியான நேரத்தில் பார்த்தால் பெரும்பாலும் இந்த இடம் வரை வரவிடாமல் நிறுத்திவிடலாம்.

"எனக்கு பார்வை நல்லாத்தான் இருக்கு. பேப்பர் படிக்கேன், டிவி பாக்கேன். பொறவு எதுக்கு டெஸ்ட்?"

சாதாரணமாக வரும் க்ளாக்கோமா வலிக்காது, சிவக்காது. அது முதலில் பக்கவாட்டுப் பார்வையைத் தின்னும், நடுப்பார்வையைக் கடைசி வரை விட்டு வைக்கும். பேப்பர் படிப்பது நடுப்பார்வையில்தான். போதாததற்கு, ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றக் கண் நிரப்பிவிடும்.

குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு மீன்பிடித் தொழிலாளி சொன்னது நினைவிருக்கிறது. வலது தோளிலும் கையிலும் எப்போதும் சிராய்ப்பு இருக்குமாம், வலைக் கயிறு, வள்ளத்தின் விளிம்பு எதிலாவது இடித்துக்கொள்வாராம். "வயசாச்சுல்லா, கால் தடுமாறுதுன்னு நெனச்சேன்" என்றார். பார்வைப் பரப்பைப் பார்க்கும் பரிசோதனையில் வலது பக்கம் முழுக்கக் கறுப்பாக வந்தது. சுகரும் பன்னிரண்டு வருடமாக இருந்தது. பார்வை பார்க்கும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரிசை வரை தடையில்லாமல் படித்தார்.

தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாற்பது வயது தாண்டியவர்களைச் சோதித்து 2003-ல் வெளியான ஆய்வில் நூறு பேரில் சுமார் இரண்டரைப் பேருக்கு க்ளாக்கோமா இருந்தது. வந்தது தெரியாமலே இருப்பதுதான், இதற்கு எங்கள் ஊர்ச் சொல் எதுவும் இல்லாமல் போனதற்கும் காரணமோ என்று நினைப்பேன். தெரியாத நோய்க்கு யார் பெயர் வைப்பார்கள்?

"சுகர் கேம்ப்ல கண்ணை போட்டோ எடுத்தாச்சு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. போதும்லா?"

அந்தப் போட்டோ விழித்திரையைப் பார்க்க. மிக நல்ல வேலைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போட்டோவில் பார்வை நரம்பு வாயும் தெரியும், சந்தேகம் இருந்தால் பார்ப்பவர் சொல்லுவார். ஆனால் போட்டோவுக்கு பிரஷர் தெரியாது, வடிகால் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாது, பக்கப் பார்வை தெரியாது.

க்ளாக்கோமா இல்லை என்று சொல்ல நான்கு விஷயங்கள் வேண்டும். பிரஷர் அளப்பது, கண்ணில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து வடிகாலைப் பார்ப்பது, நரம்பை நேரில் பார்ப்பது, தேவைப்பட்டால் பார்வைப் பரப்புப் பரிசோதனையும், நரம்பு இழைகளின் தடிப்பை அளக்கும் ஓசிடி ஸ்கேனும். கல்ஃபில் இருந்து வாட்ஸ்அப்பில் "அம்மைக்க ரிப்போர்ட் பாருங்க" என்று அனுப்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "பிரஷர் எத்தனை, எந்தத் தேதி?" என்பதுதான். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனி எண் இருக்கும்.

"பிரஷர் 18 தான். நார்மல். அப்போ க்ளாக்கோமா இல்லையே?"

எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பிரஷர் எப்போதும் நார்மலாகவே இருந்தும் நரம்பு பட்டுப்போகிற வகை உண்டு. எண் ஒவ்வொரு நேரமும் மாறவும் செய்யும், காலையில் 22, மத்தியானம் 17 என்று வருவது சகஜம்.

இன்னொன்றும் உண்டு. கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலமான கார்னியா தடிப்பாக இருந்தால் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், மெல்லியதாக இருந்தால் குறைவாகக் காட்டும். சுகர் உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் தடிப்பாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒருமுறை இதன் தடிப்பையும் அளந்து சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

"கண்ணு மங்குது, புரைதான்னு நெனச்சு பழுக்கட்டும்னு விட்டுட்டோம். தப்பா?"

தப்பு. "பழுக்கட்டும்" என்பது பழைய காலத்துப் பேச்சு. புரையை அறுவை செய்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். க்ளாக்கோமாவில் போனது போனதுதான். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சுகர் உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரமும் வரும், அதனால் ஏமாறுவது இன்னும் எளிது. நன்றாக முற்றிப் பருத்த புரை வடிகாலை நெருக்கி பிரஷரை ஏற்றிவிடவும் செய்யும்.

இன்னொரு சின்ன விஷயம். சுகர் ஏறும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்து பவரே மாறும். சுகர் 350-ல் இருக்கும் வாரத்தில் கண்ணாடி போட்டுவிட்டு, அடுத்த மாதம் "கண்ணாடி சரியில்லை" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. சுகர் அடங்கிய பிறகு பவர் பார்ப்பது நல்லது.

"சுகரை கட்டுப்படுத்திட்டா கண்ணு சொட்டு மருந்தை நிறுத்திடலாமா?"

கூடாது. மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5-க்கு வந்தாலும் அடைபட்ட வடிகால் திறக்காது. சொட்டு மருந்து கண் பிரஷருக்கு, அது அதன் வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறது. சுகரைக் கட்டுப்படுத்துவதன் பலன் வேறு இடத்தில். விழித்திரை நோய் மெதுவாகும், மூன்றாம் கேள்வியில் சொன்ன பயங்கர வகை தள்ளிப்போகும். ஆகவே ரெண்டையும் செய்யுங்கள், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைக்க வேண்டாம்.

சொட்டு மருந்தை நிறுத்தினால் எந்த அறிகுறியும் தெரியாது. அதுதான் ஆபத்து. மருந்து தீர்ந்து இரண்டு வாரம் சொட்டு விடாதவர்கள், "ஒண்ணும் ஆகலயே" என்பார்கள். ஆனது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

"மெட்ஃபார்மின் கண்ணுக்கும் நல்லதாமே?"

அமெரிக்காவில் நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கு க்ளாக்கோமா குறைவாக இருந்தது. கவனித்துச் சொன்னதுதானே ஒழிய, க்ளாக்கோமாவுக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததல்ல. சுகருக்கு எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள், கண்ணுக்காகக் கூட்ட வேண்டாம்.

"கண்ணு சொட்டு மருந்து போட்ட பொறவு சுகர் குறையுறதே தெரிய மாட்டேங்குதே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு. இதை முதல் தடவை கேட்டபோது எனக்கே தூக்கிவாரிப்போட்டது. டைமோலால் என்ற சொட்டு மருந்து கண்ணிலிருந்து மூக்கு வழியாக ரத்தத்திலும் கொஞ்சம் கலக்கும். சுகர் தாழும்போது நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அதைப் பார்த்துத்தான் நாம் சர்க்கரையோ கருப்பட்டியோ தேடுவோம். அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். ஆகவே இன்சுலின் போடுபவர்களும் சுகர் அடிக்கடி தாழ்பவர்களும், உடம்பு திடீரென்று வியர்த்தால் உடனே சுகர் பார்க்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் இந்த மருந்தே கூடாது.

சுகர் டாக்டருக்கு சொட்டு மருந்துப் பெயர் தெரியாது, கண் டாக்டருக்கு இன்சுலின் அளவு தெரியாது என்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது. நோட்டு, சீட்டு இரண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

"கண்ணு சிவந்தா மெடிக்கல்ல ஒரு சொட்டு வாங்கி விட்டா உடனே தெளியுதே?"

உடனே தெளிகிற சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சிலருக்கு அதை வாரக் கணக்கில் விட்டால் கண் பிரஷர் ஏறும். இப்படி ஏறும் ஆபத்து கூடுதலாக உள்ளவர்களின் பட்டியலில் சுகர் நோயாளிகளும் வருவார்கள். என் சித்தப்பா வருடத்துக்கு மூன்று நான்கு தடவை அந்தச் சொட்டை விட்டுக்கொண்டிருந்தார், கடைக்காரர் கேட்காமலே எடுத்து நீட்டுவார். ரப்பர் பால் வெட்டப் போய்விட்டு வருபவருக்கு அதிகாலைத் தூசி, சில்லறைக் காயம் எல்லாம் சகஜம். கண் பிரஷர் 34 என்று வந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையும் பிரஷரை ஏற்றும், கூடவே சுகரையும் ஏற்றும்.

"திடீர்னு கண்ணு வலிச்சு, தலை வலிச்சு, வாந்தி. பித்தம்னு நெனச்சோம். அது என்னதா இருக்கும்?"

விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண் சிவந்து, பார்வை மங்கி, தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால் அது வடிகால் சட்டென்று மூடிக்கொண்ட க்ளாக்கோமாவாக இருக்கலாம். அன்றே கண் பார்க்க வேண்டும். வாந்தியால் இதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்குபவர்கள் பலர்.

சுகர் உள்ளவர்கள் போன உடனே சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம், "எனக்கு சுகர் உண்டு". பிரஷரைச் சட்டென்று இறக்க முன்பு வாய் வழியாகக் கொடுக்கும் கிளிசரால் சில இடங்களில் இன்றும் புழக்கத்தில் உண்டு, அது உடம்பில் சர்க்கரையாக மாறும். அதற்குப் பதில் வேறு மருந்து கொடுப்பார்கள். பிரஷருக்கு எழுதும் அசெட்டசோலமைடு மாத்திரைக்கும் உங்கள் சிறுநீரகம் எப்படி என்று பார்க்க வேண்டும். அதைச் சாப்பிடும்போது விரல் நுனி விறுவிறுத்தால் பெரும்பாலும் அந்த மாத்திரைதான் காரணம், சுகர் ஏறியதாகப் பயப்பட வேண்டாம்.

"கண்ணுக்குள்ள ஊசின்னு சொன்னாவ. லேசரும் அடிக்கணுமாம். வேண்டாம்னு வந்துட்டோம்."

திரும்பிப் போங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன, குழாய் முளைக்கும் வகைக்கு இவைதான் மருந்து. ஊசி, புதுக் குழாய்களை முளைக்க வைக்கும் அந்தப் புரதத்தை அடக்கும். சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். உட்கார்ந்து எழுவது போலச் சீக்கிரம் முடியும். ஆனால் ஊசியின் பலன் சில வாரங்கள்தான். ரத்தம் போகாத விழித்திரையில் லேசர் அடித்தால், ஆள் அனுப்புவதே குறையும். அதனால்தான் இரண்டும். சொட்டு மருந்தில் பிரஷர் இறங்காவிட்டால் அறுவையோ, நீரை வடிக்கும் வால்வோ வைப்பார்கள்.

"லேசர் அடிச்ச பொறவு பார்வைப் பரப்பு டெஸ்ட்ல கறுப்பு கூடிட்டு. க்ளாக்கோமா கூடிச்சா?"

இது தந்திரமான கேள்வி, படித்தவர்களும் தடுமாறுவார்கள். விழித்திரையின் ஓரங்களில் லேசர் அடித்த இடம் பார்வையை இழக்கும், நடுவைக் காக்க அதைக் கொடுக்கிறோம். அந்தக் கறுப்பும் பரிசோதனையில் தெரியும். ஆக அது லேசரா க்ளாக்கோமாவா என்று பார்த்தவர் சொல்ல, லேசருக்கு முன் எடுத்த பரிசோதனைத் தாள் வேண்டும். பழைய தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதோடு, காலையில் சுகர் டெஸ்டுக்குப் பட்டினியாக வந்து அப்படியே இந்தப் பரிசோதனைக்கு உட்காராதீர்கள். புள்ளி தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டிய வேலை அது. பட்டினியில் தூக்கம் வரும், தாள் தப்பாக வரும்.

"மரச்சீனியும் மீன்கறியும் விட்டுட்டா கண்ணு பிழைக்குமா? தேன் விட்டா தெளியும்னு சொல்லுதாவ."

மீன்கறி விட வேண்டாம். மரச்சீனியின் (மரவள்ளிக்கிழங்கு) அளவு சுகருக்காக, அதை உங்கள் சுகர் டாக்டரோடு பேசுங்கள். முருங்கைக்கீரையும் கேரட்டும் நல்லவை, ஆனால் நரம்பை மீட்காது. கண்ணில் தேன், தாய்ப்பால், எண்ணெய் எதையும் விடாதீர்கள், கிருமி தொற்றினால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும். யோகா செய்பவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனத்தை மட்டும் விட்டுவிடலாம், அப்போது கண் பிரஷர் இரண்டு மடங்கு ஆவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

"எங்க போனா நல்லது? நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?"

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்கள் திருவனந்தபுரம் அரசு கண் ஆசுபத்திரிக்கும், மற்றவர்கள் திருநெல்வேலி அரவிந்துக்கும் போவது வழக்கம். எங்கே போனாலும் ஒரே இடத்தில் தொடருங்கள். போன தடவை எண்ணும் இந்தத் தடவை எண்ணும் ஒரே கருவியில் எடுத்ததாக இருந்தால் ஒப்பிடலாம். பாப்பாவை விரிக்கும் சொட்டு விடுவார்கள், நாலைந்து மணி நேரம் மங்கும். பைக்கில் வர வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு க்ளாக்கோமா இருந்தால், அண்ணன், தம்பி, அக்கா, பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த சொந்தத்தில் வாய்ப்பு பல மடங்கு.

"ஒரு கண்ணு போயிட்டு. இனி சொட்டு மருந்து விட்டு என்ன பிரயோசனம்? பாதி கன்னத்துலதான் வழியுது."

மற்றக் கண் இருக்கிறதே, மருந்து அதற்கு. வழிவதற்கு ஒரு வழி சொல்கிறேன். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, அங்கே ஒரு பை மாதிரி உண்டாக்கி, அதில் ஒரு சொட்டு. ஒன்றே போதும், கண்ணுக்கு அதற்கு மேல் இடமில்லை. குப்பி நுனி இமையில் படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டைமோலால் விடுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ரத்தத்தில் கலப்பது குறையும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. தோவாளையில் பூக்கட்டும் ஒரு அம்மா இதைச் சரியாகச் செய்வார். முதல் சொட்டு விட்டதும் ஒரு முழம் கட்டி முடிப்பார், அதற்குப் பிறகுதான் இரண்டாவது.